23 நிலையங்கள், ஒரே மெட்டு: டோக்கியோ நாட்குறிப்பு

முதல் நாள் – பிப்ரவரி 18, 2025, செவ்வாய்

நிஷி-கசாய் வந்து சேரும்போது இரவு எட்டு மணி. ஸ்டேஷன் வாசலில் காத்திருந்த நண்பன் பெட்டியை வாங்கிக்கொண்டு, "குளிருதாடா? வீடு பக்கந்தான், வேகமா நட" என்றான். கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவன். பல வருடமாக இங்கே மென்பொருள் வேலை. 2000ஆம் ஆண்டை ஒட்டி இந்தியாவிலிருந்து வந்த கணினிப் பொறியாளர்கள் குடியேறத் தொடங்கிய வட்டாரம் இது. டோக்கியோவிலேயே இந்தியர்கள் அதிகம் வாழும் எடோகாவா வார்டில் இருக்கிறது. வழியில் ஒரு மளிகைக் கடையில் கறிவேப்பிலைக் கட்டு தொங்கியது. மற்றபடி தெரு அடங்கிக் கிடந்தது.

வீட்டுக்குள் நுழைந்து கால் மணி நேரத்துக்குள் இரண்டு மெட்டுகள் கேட்டேன். முதலாவது சமையலறையிலிருந்து. சோறு வெந்துவிட்டது என்று சொல்ல, ரைஸ் குக்கர் 'ட்விங்கிள் ட்விங்கிள்' மெட்டை ஒரு தடவை வாசித்து ஓய்ந்தது. அடுத்தது சுவரில் இருந்த சின்னப் பலகையிலிருந்து. துள்ளித் துள்ளி ஓடும் ஒரு பியானோ வரி, அதன் பின்னால் "குளியல் தொட்டி தயார்" என்று ஜப்பானிய மொழியில் ஒரு பெண்குரல். அந்த வரி 19ஆம் நூற்றாண்டு ஜெர்மானியரான தியோடோர் ஊஸ்டன், பியானோ பழகும் குழந்தைகளுக்காக எழுதியது. இங்கே அது வெந்நீரின் அடையாளம். வண்ணம் தீட்டிக்கொண்டிருந்த நண்பனின் ஆறு வயது மகள் அதைக் கேட்டதும் பென்சிலை வைத்துவிட்டு எழுந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

"அண்ணா, விருந்தாளிதான் முதல்ல குளிக்கணும், அது இங்க வழக்கம்" என்றார் நண்பனின் மனைவி. துண்டோடு போனேன்.

எதற்காக வந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். பத்துப் பன்னிரண்டு வருடமாக, வார்த்தையே இல்லாத மின்னணு இசையைத்தான் அதிகம் கேட்கிறேன். சென்னையில் ரயிலில் போகும்போதும் அதுதான், வேலை செய்யும்போதும் அதுதான். என் ஹெட்போனை வாங்கிக் கேட்டவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள்: "பாட்டு எப்போ வரும்?" நம் காது பல்லவிக்காகக் காத்திருந்து பழகியது. ஆனால் அதே நாம்தான் இடையிசையைத் திரும்பக் கேட்க கேசட்டை ரீவைண்ட் செய்தவர்கள். வெறும் இடையிசையாகவே ஒரு நகரம் இருந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் டோக்கியோ வந்திருக்கிறேன்.

இரண்டாம் நாள் – பிப்ரவரி 19, புதன்

இன்று முழுக்க யமனோத்தே. நகரின் நடுப்பகுதியைச் சுற்றி வரும் வட்டப் பாதை இது. 34.5 கிலோமீட்டர், 30 நிலையங்கள், ஒரு சுற்று சுமார் ஒரு மணி நேரம். நான் சுற்றி முடிக்க நான்கு மணி நேரம் ஆயிற்று. பல நிலையங்களில் இறங்கி, ரயில் புறப்படும்போது ஒலிக்கும் மெட்டைக் கேட்டுவிட்டு அடுத்த ரயிலில் ஏறினேன்.

முன்பெல்லாம் காதைப் பிளக்கும் மணிதான் அடித்திருக்கிறது. நெரிசலில் நிற்பவர்களை அது இன்னும் பதற வைக்கிறது என்று, 1989 மார்ச்சில் ஷின்ஜுகு, ஷிபுயா நிலையங்களில் மணியை எடுத்துவிட்டு மெல்லிசையை வைத்தார்கள். ஒவ்வொன்றும் சில வினாடிகள்தான். அந்தச் சில வினாடிகளை எழுதுவதே தனி வித்தை. கேட்டதும் நடையை எட்டிப் போட வேண்டும், ஆனால் பதறி ஓடக்கூடாது. முடிவது போல இருக்க வேண்டும், எந்த இடத்தில் நிறுத்தினாலும் காதில் உறுத்தவும் கூடாது. ஏனென்றால் கண்டக்டர் நேரம் பார்த்து நடுவிலேயே நிறுத்திவிடுவார்.

தகதனோபாபாவில் 'அஸ்ட்ரோ பாய்' என்ற ஜப்பானியக் கார்ட்டூனின் மெட்டு. கதைப்படி அந்த இயந்திரச் சிறுவன் 2003 ஏப்ரல் 7இல் இந்த ஊரில் பிறந்தவன். கொமகோமேயில் செர்ரிப் பூவைப் பாடும் பழைய நாட்டுப்பாடல். எபிசுவில் ஒரு பீர் விளம்பரத்தால் ஊருக்கே தெரிந்துபோன, ஸிதர் என்ற ஐரோப்பியத் தந்தி வாத்தியத்தின் மெட்டு. இதற்கெல்லாம் பாட்டுப் பின்னணி உண்டு. எனக்கு அதிகம் பிடித்தவை பெயரோ கதையோ இல்லாதவை. உகுயிசுதானியில் நின்றுகொண்டிருந்தேன். மணியும் புல்லாங்குழலும் கலந்தாற்போல நாலைந்து சுரம் மேலே ஏறி, கடைசிச் சுரத்தில் கொஞ்சம் தயங்கியது. அதற்குள் கதவு மூடி ரயில் போய்விட்டது. பக்கத்தில் நின்ற பாட்டி ஒருவர் அடுத்த ரயிலுக்காகக் கைப்பையைச் சரிசெய்துகொண்டார். தினமும் கேட்கிறவர் என்பது முகத்தில் தெரிந்தது.

படிக்கட்டுப் பக்கம் போனால் பறவைச் சத்தம் வருகிறது. ஒலிபெருக்கிதான். பார்வையற்றவர்களுக்குப் படி இருக்கும் இடத்தைச் சொல்ல வைத்திருக்கிறார்கள். சாலைச் சிக்னலிலும் அப்படியே. ஒரு திசையில் கடக்கும்போது 'பியோ பியோ', மற்றத் திசைக்கு 'கக்கோ'. கண்ணை மூடிக்கொண்டு சிறிது நேரம் நின்று கேட்டேன். இரண்டையும் கேட்டால் எந்தப் பக்கம் நடக்கலாம் என்பது தெரிந்துவிடுகிறது.

மதியம் ஃபேமிலி மார்ட்டில் சோற்று உருண்டை வாங்கினேன். கதவு திறந்ததும் ஒலிக்கிற அந்த மெட்டு ஜப்பானில் எல்லோருக்கும் மனப்பாடம். இனாடா யாசுஷி என்ற இசையமைப்பாளர் 1978இல் கதவுமணிக்காக எழுதியது. நான் உள்ளே நின்ற நேரத்தில் மட்டும் பதினோரு தடவை கேட்டேன்.

மூன்றாம் நாள் – பிப்ரவரி 20, வியாழன்

காலையில் நண்பனோடு சேர்ந்து தோஸாய் பாதையில் ஏறினேன். 'தோஸாய்' என்றால் கிழக்கு மேற்கு. நிஷி-ஃபுனபாஷியிலிருந்து நகானோ வரை 23 நிலையங்கள். ஜப்பானிலேயே மோசமான நெரிசலுக்குப் பேர்போன பாதை. கை கட்டியபடி ஏறினால் இறங்கும்வரை கட்டிய கையை அவிழ்க்க முடியாது. ஆனால் ஒருவர்கூடச் சத்தமாகப் பேசவில்லை. அந்த அமைதியில் நண்பன் என் காதோரம் ஒன்று சொன்னான்:

"இந்த லைன்ல ஒவ்வொரு ஸ்டேஷன் மெட்டும் தனித்தனி இல்லடா. வரிசையா சேர்த்தா ஒரே பாட்டு."

2015இல் செய்திருக்கிறார்கள். எழுதியவர் முகையா மினோரு, கஸியோபியா இசைக்குழுவில் கீபோர்ட் வாசித்தவர். ரயில் மீது தீராத பிரியம் கொண்டவர், நூற்றுக்கும் மேற்பட்ட நிலையங்களுக்கு மெட்டு போட்டிருக்கிறார். தோஸாய் பாதையில் கிழக்கே போக ஒரு பாட்டு, மேற்கே போக ஒரு பாட்டு. அதை நறுக்கி ஸ்டேஷனுக்கு ஒரு துண்டு வீதம் கொடுத்திருக்கிறார். நிஹோம்பாஷி, குதான்ஷிதா போன்ற இடங்களில் மட்டும் அந்தந்த ஊருக்கான பாட்டு ஒலிக்கிறது. இத்தனை வருடம் இதில் ஆபீஸ் போகிற நண்பன் முழுசாக ஒருமுறைகூடக் கேட்டதில்லை. நெரிசல் நேரத்தில் கண்டக்டர் இரண்டு வினாடியில் நிறுத்திவிடுவாராம்.

நான் கிபாவில் இறங்கினேன். ஒரு காலத்தில் மரக்கட்டைகளைத் தண்ணீரில் மிதக்கவிட்டு வியாபாரம் நடந்த இடம். இப்போது அங்கே பெரிய பூங்கா. அதன் வடக்கு முனையில்தான் சமகாலக் கலை அருங்காட்சியகம். மார்ச் 30 வரை அங்கே சகமோத்தோ ரியூய்ச்சியின் ஒலிக் கண்காட்சி. வாரநாள்தான், ஆனாலும் வரிசை வாசலைத் தாண்டி நின்றது.

1978இல் ஹொசோனோ ஹருஓமி, தகஹாஷி யுகிஹிரோ, சகமோத்தோ மூவரும் தொடங்கிய 'யெல்லோ மேஜிக் ஆர்கெஸ்ட்ரா'தான் இந்த நகரத்துக்கு மின்னணு இசையை வீட்டுப் பொருளாக்கியது. 2023 ஜனவரியில் தகஹாஷி இறந்துபோனார், மார்ச்சில் சகமோத்தோ. அந்த வருடம் என் ஹெட்போனில் வேறெதுவும் ஓடவில்லை.

உள்ளே ஓர் இருட்டறை. நடுவில் கறுத்த நீர்த்தொட்டி, சுற்றிலும் கற்கள். மேலிருந்து சொட்டு விழுகிறது. மழைப்பொழிவுத் தரவை வைத்துச் சொட்டின் ஒழுங்கு தீர்மானமாகிறது. ஒரு சொட்டு விழுந்து அலை வட்டம் விரிந்து கல்லைத் தொடும்வரை யாரும் மூச்சுவிடவில்லை போலிருந்தது. அதற்கு ஏற்றாற்போல ஒரு மெல்லிய ஒலி அறையில் பரவிக் கரைந்தது.

இன்னொரு அறையில் ஒரு பியானோ. 2011 சுனாமியில் மியாகியில் ஒரு பள்ளியில் மூழ்கிப் போனது. உப்புநீர் பட்டுச் சுருதி குலைந்திருக்கிறது. இயற்கை அதற்கு வேறு சுருதி கூட்டியிருப்பதாக சகமோத்தோ எடுத்துக்கொண்டார். உலகில் நடக்கும் நிலநடுக்கங்களின் தரவுக்கேற்ப ஒரு கருவி அதன் கட்டைகளை அழுத்துகிறது. 2004 டிசம்பர் 26 காலையில் நான் மெரினாவுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தேன். அந்தக் கட்டை தானாகக் கீழே போய், கம்மிய குரலில் ஒரு சுரம் வந்தபோது என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே பள்ளமான முற்றத்தில் நகயா ஃபுஜிகோவின் பனிமூட்டச் சிற்பம். புகைபோல வெண்பனி எழுந்து எல்லோரையும் மறைத்தது. அதற்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். முகம் நனைந்து போனது.

நான்காம் நாள் – பிப்ரவரி 21, வெள்ளி

ஹராஜுகுவில், துணிக்கடைக் கூட்டத்துக்குச் சற்றுத் தள்ளி, ஒரு கட்டட மாடியில் பழைய சிந்தசைசர் கடை. இன்று அங்கே போனேன். சூடான தூசியும் பழைய பிளாஸ்டிக்கும் கலந்த வாசனை, நம் ஊர் ரேடியோ மெக்கானிக் கடை வாசனையேதான். அலமாரியில் ரோலண்ட் டிஆர்-808, மின்னணுத் தாளப்பெட்டி. இசையில் எத்தனையோ வருடமாகக் கேட்டதைக் கண்ணால் பார்த்தது இன்றுதான்.

கறுப்புப் பெட்டி. அடியில் 16 பொத்தான்கள். நான்கு சிவப்பு, நான்கு ஆரஞ்சு, நான்கு மஞ்சள், நான்கு வெள்ளை. காகெஹாஷி இகுதாரோ ஒசாகாவில் தொடங்கிய நிறுவனம் 1980இல் வெளியிட்டது. 1983 வரைதான் செய்தார்கள், சுமார் 12,000 பெட்டிகள். உண்மையான டிரம்ஸ் போல இல்லை என்று அப்போது பலர் ஒதுக்கிவிட்டார்கள். அதன் சிம்பலில் ஒரு சரசரப்பு இருக்கும். குறைபாடுள்ளது என்று கழித்துவிட்ட டிரான்சிஸ்டர்களைக் காகெஹாஷி வேண்டுமென்றே வாங்கிப் போட்டதால் வந்த சத்தம் அது. தொழில்நுட்பம் தேறத் தேற அந்தக் குறைபாடுள்ள சரக்கு கிடைக்காமல் போனது, பெட்டியும் நின்றுபோனது. 1980 டிசம்பரில் புடோகன் அரங்கில் யெல்லோ மேஜிக் ஆர்கெஸ்ட்ரா இதை மேடையேற்றியது. அந்த அரங்குக்கு இறங்குகிற ஸ்டேஷன் குதான்ஷிதா, நண்பன் தினமும் கடக்கிற அதே தோஸாய் பாதையில்.

"தொடலாமா?" என்று சைகையில் கேட்டேன். கடைக்காரர் ஸ்விட்சைப் போட்டார்.

சின்ன வயதில் மூன்று வருடம் மிருதங்கம் கற்றிருக்கிறேன். 16 பொத்தானைப் பார்த்ததும் விரல் 'தகதிமி தகஜொணு' இரண்டு சுற்று என்று கணக்குப் போட்டுவிட்டது. ஒன்று, ஐந்து, ஒன்பது, பதின்மூன்றில் அடித்தாளம். அழுத்தியதும் சிவப்பு விளக்கு வலப்புறமாக ஓட ஆரம்பித்தது. அந்த அடி காதில் கேட்பதற்கு முன்னால் நெஞ்சுக்கூட்டில் இறங்கியது. மிருதங்கத்தின் இடந்தலைக்கு ரவை பூசி, ஆசிரியர் 'தோம்' வாசித்துக் காட்டியது ஞாபகம் வந்தது. அப்புறம் விரல்விட்டு எண்ணி, பதினான்கோடு சுற்று முடிய வேண்டும் என்று காட்டினேன். அவர் ஒரு பொத்தானைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றை அழுத்தினார். சுற்று 14இல் திரும்பியது. தகிட தகதிமி, தகிட தகதிமி. மிஸ்ர சாபு! ஒசாகா பெட்டி மிஸ்ர சாபு போட்டது! கடைக்காரர் தலையைச் சாய்த்துக் கேட்டார். மூன்றாவது சுற்றில் அவர் விரலும் மேசையில் மூன்றும் நாலுமாகத் தட்ட ஆரம்பித்துவிட்டது.

ராத்திரி ஷிபுயா. ஒரு கிளப்புக்குப் போகிறேன். நாளைக்கு எழுதுகிறேன்.

ஐந்தாம் நாள் – பிப்ரவரி 22, சனி

டோக்கியோவில் கடைசி ரயில் நள்ளிரவு கடந்ததும் போய்விடும், முதல் ரயில் ஐந்து மணியை ஒட்டித்தான். அதனால் கிளப்புக்குப் போகிறவர்கள் விடியும்வரை இருப்பதாக முடிவுசெய்துகொண்டே போகிறார்கள். இதற்கே நெடுநாள் தடை இருந்தது. 1948இல் போட்ட சட்டத்தின்படி நள்ளிரவுக்குப் பிறகு ஆடவிட்டால் குற்றம். 2010க்குப் பிறகு கெடுபிடி கூடி, பல இடங்களில் 'ஆடக்கூடாது' என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். இசைக்காரர்களும் வழக்கறிஞர்களும் சேர்ந்து கையெழுத்து வாங்கிப் போராடி, 2016 ஜூனில் திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அந்தப் போராட்டம் நடக்காதிருந்தால் நேற்று ராத்திரி நான் பார்த்த எதுவும் இல்லை.

பார்த்தது என்ன? காசு போட்டுப் பூட்டும் பெட்டியில் கோட்டை வைத்துவிட்டு, இருட்டான ஒரு கூடத்தில் முந்நூறு பேர் ஒரே திசையைப் பார்த்து நின்றோம். குரல் கிடையாது, பாட்டு கிடையாது. தாளத்தின்மேல் ஒரு ஒற்றை ஒலி இருபது நிமிடம் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. தோள் இடித்தால் இருட்டிலும் தலை குனிந்து மன்னிப்புக் கேட்கிறார்கள். மூன்று மணி வாக்கில் அடித்தாளத்தை மட்டும் எடுத்துவிட்டார் டிஜே. அப்போதுதான் எங்கள் செருப்புச் சத்தமே தாளமாக ஓடிக்கொண்டிருப்பது கேட்டது.

ஐந்தரைக்கு வெளியே வந்து, ஓதேமாச்சியில் தோஸாய் ரயிலுக்கு மாறினேன். பெட்டியில் ஏழெட்டுப் பேர், எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கதவோரம் நின்றுகொண்டேன். கயபாச்சோ, மொன்சென்-நகாச்சோ, கிபா, தோயோச்சோ. அவசரம் இல்லாத நேரம் என்பதால் மெட்டை நிறுத்தாமல் ஓடவிட்டார்கள். ஒரு துண்டு முடிந்து கதவு மூடி, சக்கர இரைச்சலில் ஒன்றரை இரண்டு நிமிடம் போய், அடுத்த ஸ்டேஷனில் அதே எண்ணம் தொடர்ந்தது. இரைச்சலையும் சேர்த்துக் கேட்டால் அதுவே ஆலாபனை மாதிரி. மினாமி-சுனமாச்சி தாண்டியதும் ரயில் தரைக்கு மேலே ஏறி அரகாவா ஆற்றுப் பாலத்தில் ஓடியது. கிழக்கே சிவந்திருந்தது. நான் அழுதுவிடுவேன் போலிருந்தது.

மத்தியானம் வரை தூக்கம். ரசமும் அப்பளமும்.

ஆறாம் நாள் – பிப்ரவரி 23, ஞாயிறு

கிச்சிஜோஜியில் இசைத்தட்டு போடும் ஒரு காபிக்கடை. பத்து இருக்கை. பேச்சைத் தாழ்த்திக்கொள்ளச் சொல்லி வாசலிலேயே குறிப்பு. ஓடிக்கொண்டிருக்கும் தட்டின் உறையை எல்லோருக்கும் தெரியும்படி நிறுத்தி வைக்கிறார்கள். யோஷிமுரா ஹிரோஷி பெயரை ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். முதலாளி ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய், 'ஒன்பது அஞ்சலட்டைகளுக்கான இசை' தட்டை எடுத்து வந்தார். 1982இல் வந்தது. ஷினகவாவில் இருந்த ஹாரா அருங்காட்சியகத்தின் ஜன்னல்களை மனதில் வைத்து, வீட்டில் ஒரு மின்பியானோவை வைத்தே யோஷிமுரா அமைத்தது. அருங்காட்சியகத்தில் ஓடவிட்டபோது, இதை எங்கே வாங்கலாம் என்று பார்வையாளர்கள் கேட்டிருக்கிறார்கள். அதன் பிறகுதான் தட்டாக வந்தது. இதற்கு 'கங்க்யோ ஒங்ககு' என்று பெயர், சூழலிசை. இருக்கிற இடத்தோடு கலந்துவிடும் இசை. டோக்கியோ மெட்ரோவின் நம்போகு பாதை 1991இல் திறந்தபோது நிலைய ஒலிகளைச் செய்தவரும் இவர்தான். 2003இல் காலமாகிவிட்டார். அந்த அருங்காட்சியகமும் 2021 ஜனவரியில் மூடிவிட்டது.

ஊரில் இதை நூறு தடவையாவது ஹெட்போனில் கேட்டிருப்பேன். இன்றுதான் திறந்த அறையில் கேட்டேன். ஒரு சுரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் பால் நுரைக்கும் சத்தம், கோப்பை வைக்கும் சத்தம், கீழே சைக்கிள் மணி. ஒவ்வொன்றுக்கும் அந்த இசை இடம் விட்டிருந்தது. ஹெட்போனை மாட்டி இத்தனை வருடம் அந்த இடத்தை நான் அடைத்துவைத்திருக்கிறேன். பக்கம் திருப்பும்போது முதலாளி தட்டை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் பிடித்து, விளக்கில் சாய்த்துப் பார்த்து, ஒரு தூசியை ஊதினார்.

மாலை வீட்டுப் பக்கத்துப் பூங்காவில் நண்பனின் மகள் குட்டியோடு இருந்தேன். அந்தி நேரத்தில் கம்பத்து ஒலிபெருக்கியில் ஒரு பழைய குழந்தைப் பாட்டு, வார்த்தையில்லாமல். பேரிடர் அறிவிப்புக்கான ஒலிபெருக்கி வேலை செய்கிறதா என்று தினமும் இப்படித்தான் சோதிக்கிறார்கள். குழந்தைகளுக்கு அது வீட்டுக்குக் கிளம்பும் நேரம். தூரத்துக் கம்பங்களிலிருந்து அதே மெட்டு கொஞ்சம் பிந்திப் பிந்தி வந்து ஒன்றின்மேல் ஒன்று படிந்தது. ஊஞ்சலிலிருந்து இறங்கி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஏழாம் நாள் – பிப்ரவரி 24, திங்கள்

இன்று அரசு விடுமுறை, அதனால் மூவரும் நிஹோம்பாஷி வரை வழியனுப்ப வந்தார்கள். அங்கிருந்து நரிதாவுக்கு வேறு ரயில்.

நிஷி-கசாய் பிளாட்பாரத்தில் மெட்டு ஆரம்பித்ததும் குட்டி கூடவே பாடினாள். தமிழில்!

"கதவு மூடுது கை பத்திரம், அப்பா ஆபீஸ் நானு ஸ்கூலு…"

சுரத்துக்குச் சுரம் பொருந்தியது. "யார் சொல்லிக் குடுத்தா?" என்றேன்.

"யாரும் இல்ல. அதுல வார்த்தை இல்லல்ல, அதான் நானே வச்சேன்."

"அவ ரொம்ப நாளா பாடுறா அண்ணா" என்றார் அவள் அம்மா.

ரயில் பாலம் ஏறி, ஆற்றைக் கடந்து, சுரங்கத்துக்குள் இறங்கியது. மினாமி-சுனமாச்சியில் கதவு திறந்தது. அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"மாமா, இந்த ஸ்டேஷனுக்கு இன்னும் வைக்கல. நீங்க வைங்க."

காதைக் கூர்மையாக்கிக்கொண்டேன். மெட்டு தொடங்கி, மேலே ஏறத் தொடங்கிய இடத்தில் கண்டக்டர் நிறுத்திவிட்டார். கதவு மூடிவிட்டது.

"பாதிதாண்டா கேட்டுச்சு."

"அப்போ பாதிக்கு வைங்க."